அடைப்பதா, அதட்டுவதா, பாயில் அமர்த்துவதா? விருந்தினர் வரும் வீட்டில் நாய்ப் பயிற்சி

சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் காலையில் தண்ணீர் கேன் போடுபவர் முதல் இரவில் சாப்பாடு கொண்டுவருபவர் வரை காலிங் பெல்லை யாரேனும் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாசலுக்குப் பாயும் நாயை அமைதிப்படுத்த மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

அறையில் அடைப்பது உடனே பலன் தரும். கேஸ் சிலிண்டரைச் சமையலறை வரை கொண்டுவருபவருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. ஆனால் இது ஏற்பாடே தவிரப் பயிற்சி அன்று. அறைக்குப் பதிலாகப் பால்கனியில் கட்டுவோர், மே மாத நண்பகலில் அந்தத் தரையில் ஒரு நிமிடம் வெறுங்காலுடன் நின்று பார்க்கட்டும்.

கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பதும் முழங்காலால் இடிப்பதும் அப்போதைக்கு நாயை அடக்கினாலும், புதியவர் வந்தால் வலி வரும் என்பதையே அதற்குக் கற்பிக்கின்றன. உறுமியதற்காக அடிவாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கக்கூடும் என்பதால், இவ்வழியை நான் முற்றிலும் ஒதுக்குகிறேன்.

மூன்றாவது வழிக்குப் பொறுமை வேண்டும். வாசல் தெரியும்படி, ஆனால் நடைபாதையை விட்டுத் தள்ளி, ஒரு பாயை விரித்து, அதில் படுக்கும்போதெல்லாம் உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அது பழகிய பின், வீட்டில் ஒருவர் வெளியே சென்று பெல்லை அழுத்த, ஒலி கேட்டவுடன் நாயைப் பாய்க்கு அழைத்துத் துண்டைக் கொடுத்தால், நாளடைவில் பெல் ஒலியே பாய்க்குச் செல்வதற்கான குறிப்பாகிவிடும். அதன் பிறகே கதவைத் திறந்தும், தெரிந்த விருந்தினரை வரவழைத்தும் பழக்க வேண்டும். தொடக்கத்தில் கழுத்துவாரைக் கையில் பிடித்திருப்பது நல்லது. தாவும் நாயைக் கண்டுகொள்ளாமல் விட்டால், தாவல் குறைவதற்கு முன் சிறிது கூடும், அந்தக் கட்டத்தில் "பாவம், ஆசையாக வருகிறது" என்று பாட்டி ஒருமுறை தட்டிக்கொடுத்தாலும் (கொடுப்பார்!) பழக்கம் முன்னிலும் வலுவாக வேரூன்றும்.

இனத்தையும் பார்க்க வேண்டும். லேப்ரடார் பெரும்பாலும் அன்பு மிகுந்து தாவுகிறது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட ராஜபாளையம், புதியவரை அருகில் விடத் தயங்கலாம். அத்தகைய நாய் பாயில் அமைதியாக இருந்தாலே போதும், விருந்தினரிடம் கொஞ்ச வேண்டியதில்லை. நாய்க்கு அஞ்சும் குழந்தைகள் வரும் நாளில் அதை அறைக்குள் விடுவதே முறை.