ஆர்பிஎம் 4.19-ல வந்த சிஸ்யூசர்ஸ் சப்போர்ட்: யூஸ் பண்ணி பாத்தத சொல்றேன்

ஆர்பிஎம்ங்கறது ரெட் ஹேட் மாதிரி லினக்ஸ்ல சாஃப்ட்வேர் பேக்கேஜ் போடற டூல், சிஸ்யூசர்ஸ்ங்கறது சிஸ்டம் யூசர (சர்வீஸ் ஓடறதுக்கான அக்கவுண்ட்) ஒரு ஃபைல்ல எழுதி உருவாக்கற முறை. எங்க வேலைக்குன்னே கட்டுற ரெண்டு பேக்கேஜ் இருக்கு. ஒண்ணோட ப்ரீ ஸ்க்ரிப்ட்ல (ஃபைல் பிரிக்கறதுக்கு முன்னாடி ஓடறது) யூசர்ஆட் கமாண்ட் ஓடி சிஸ்டம் யூசர் உருவாகும், இன்னொண்ணுல இருக்கற டேட்டா ஃபோல்டர் அந்த யூசர் பேர்ல இருக்கணும். கையால ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா போட்டா நல்லா ஓடும், ஆனா சர்வர் இமேஜ் கட்டும்போது எல்லாம் ஒரே ட்ரான்ஸாக்ஷன்ல (ஒரே இன்ஸ்டால்ல) போனா மட்டும் சர்வீஸ் பெர்மிஷன் டினைட்னு விழுந்துடும். சர்வீஸ்கள ஓட்டற சிஸ்டம்டி 217னு எரர் குடுத்திருந்தா யூசரே இல்லன்னு உடனே புரிஞ்சிருக்கும், ஆனா பூட் ஆகும்போது யூசர் வந்தாச்சு, அதனால ரெண்டு நாள் செலினக்ஸ் (லினக்ஸோட செக்யூரிட்டி விதிகள்) பக்கமே தேடிட்டு இருந்தேன்.

கடைசியில பில்ட் லாக்ல ஒரே ஒரு வார்னிங், யூசர் இல்ல அதனால ரூட்னு வச்சுக்கறேன்னு. ஆர்பிஎம் அந்த இடத்துல நிக்காது, ரூட் பேர்ல எழுதிட்டு போயிடும். ரெண்டாவது பேக்கேஜ்ல முதலாவது வேணும்னு எங்கயும் எழுதலங்கறதால எது முன்னாடி போகும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

2023-ல வந்த 4.19-ல இதுக்கு நல்ல வழி பண்ணிருக்காங்க. சிஸ்யூசர்ஸ்.டி ஃபோல்டர்ல யூசர் பேர், ஐடி, ஹோம்னு ஒரு வரி ஃபைல் வச்சா போதும், அந்த யூசர நான் தரேன்னு பேக்கேஜே சொல்லிடும், அந்த யூசர் பேர்ல ஃபைல் வச்சிருக்கற பேக்கேஜுக்கு டிபென்டன்சி (இந்த யூசர் வேணும்ங்கற குறிப்பு) தானா சேர்ந்துடும், ஃபைல் பிரிக்கறதுக்கு முன்னாடியே யூசரும் உருவாகிடும். ஸ்க்ரிப்ட் எழுதற வேலையே இல்ல. எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

குறைன்னா, ஏற்கனவே இருக்கற யூசர இது தொடாது, ஹோம் மாத்தணும்னா நம்மதான் மாத்தணும். ஐடிய ஃபைல்ல குறிக்காம விட்டா மெஷினுக்கு மெஷின் வேற நம்பர் வரலாம், என்எஃப்எஸ் ஷேர் (நெட்வொர்க்ல பகிர்ற ஃபோல்டர்) வச்சிருக்கறவங்க கட்டாயம் குறிங்க. ரெட் ஹேட் லினக்ஸ் 9-ல ஆர்பிஎம் 4.16 தான், அங்க ப்ரீ-க்கான ரிக்வயர்ஸ் வரிய (அந்த பேக்கேஜ் முன்னாடியே வேணும்னு சொல்றது) நாமளே எழுதணும், 10-ல 4.19 இருக்கு.

ஏற்கனவே கெட்டுப்போன மெஷின்ல ஆர்பிஎம் வெரிஃபை (போட்ட ஃபைல் மாறிருக்கான்னு பாக்கறது) ஓட்டுங்க, யூ, ஜி எழுத்து வந்தா ஓனர் தப்பு. ஆர்பிஎம்மோட செட்யூஜிட்ஸ் ஆப்ஷன் அத சரி பண்ணிடும், ஆனா சர்வீஸ் ஓடும்போது தானா உருவாக்கின ஃபைலுக்கு அது போகாது, அதுக்கு சௌன் (ஓனர மாத்தற கமாண்ட்) தான்.