அணில், எலி, பழ ஈ, மாவுப்பூச்சி: மாடித் தோட்டத்துல எந்த வழி பலன் குடுத்துச்சு, எது குடுக்கல

மதுரைல ஏழெட்டு வருஷமா மொட்டமாடியில தோட்டம் வச்சிருக்கேன், கீழ தரையில ரெண்டு தென்னை, ஒரு கொய்யா, பக்கத்து காம்பவுண்டுல பெரிய வேப்பமரம், அதனால அணிலுக்கு இங்க பஞ்சமே கிடையாது. அணில விரட்ட என்ன வாங்கலாம்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், விரட்டுறதுக்குன்னு விக்கிற எதுலயும் காசு போடாதீங்க, அதே காசுக்கு கம்பி வலையும் பையும் வாங்கி பழத்த மூடுங்க. ஆன்லைன்ல வர்றது, விதைக்கடையில குடுக்குறது, வீட்டுப் பெரியவங்க சொன்னதுன்னு ஒவ்வொண்ணையும் முழு சீசன் வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

மொதல்ல திங்கிறது யாருன்னு தெரியணும், இத நிறைய பேரு பாக்குறதே இல்ல, எல்லாப் பழியும் அணில் தலையில விழுது. அணில் பகல்ல மட்டும்தான் வரும், விடிஞ்சதுலேர்ந்து ஒரு ஒன்பது பத்து மணி வரைக்கும் அப்புறம் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும்தான் அதிகமா நடமாடும். ராத்திரி நல்லாருந்த தக்காளி காலையில நீங்க போறப்பவே கடிபட்டு கிடந்தா அது எலி, பக்கத்துல அரிசி மாதிரி நீளமா கருப்பா புழுக்கை கிடக்கும். தக்காளியில கூரா குத்துன மாதிரி ஓட்டை, சதை கொஞ்சம்தான் போயிருக்குன்னா கொண்டைக்குருவி இல்லனா மைனா. மாதுளையில சின்னதா வட்டமா ஒரு ஓட்டை, அதுலேர்ந்து ஈரமா எச்சம் வெளிய வந்து நாத்தம் அடிச்சா அது அணிலே இல்ல, மாதுளை பட்டாம்பூச்சியோட புழு உள்ள உக்காந்திருக்கு. பாகக்காய் ஒரு பக்கம் கோணி மஞ்சளாகி உதிர்ந்தா பழ ஈ. ஆளு யாருன்னு தெரியாம மருந்து அடிச்சா காசும் போகும் காயும் போகும்.

இப்ப விரட்டுற சாமான்கள சொல்றேன். பழைய சிடி கட்டித் தொங்கவிடுறது, பளபளன்னு மின்னுற ரிப்பன், ரப்பர் பாம்பு, ஆந்தை பொம்மை, எல்லாமே மொத வாரம் பிரமாதமா இருக்கும், அடுத்த வாரமே அந்த ஆந்தை தலை மேலயே அணில் உக்காந்து வால ஆட்டிக்கிட்டு கத்தும். ரிப்பன் மட்டும் பறவைக்கு கொஞ்சம் உதவுது, அதுவும் பழம் பழுக்குற அந்த ரெண்டு மூணு வாரம் மட்டும் கட்டி, எடத்த மாத்தி மாத்தி வச்சு, அறுவடை முடிஞ்சதும் அவுத்துறணும். வருஷம் முழுக்க தொங்குனா அதுங்களுக்கு பழகிப் போயிரும்.

அல்ட்ராசானிக் கருவி, சோலார்ல ஓடுறது, மண்ணுல குத்தி வைக்கிறது, இது எனக்கு ஒரு சீசன் கூட வேல செய்யல, அது வச்ச தொட்டியிலயே நிலக்கடலையத் தோண்டித் தின்னுச்சு. அமெரிக்காவுல எஃப்டிசின்னு இருக்குற வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2001லயே இந்த மாதிரி கருவி பண்ற, விக்கிற 60க்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு, நீங்க சொல்றதுக்கெல்லாம் அறிவியல் ஆதாரம் வேணும்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கு. அவ்வளவு காலமாச்சு, இன்னும் அதே பொருள்தான் புதுப் பேர்ல வந்துட்டு இருக்கு. வாங்காதீங்க.

மிளகாத்தூள் விஷயம் வேற. அது உண்மையிலேயே வேல செய்யும், ஏன்னா மிளகாயில இருக்குற கேப்சைசின் பாலூட்டிகளுக்கு எரியும், அணிலுக்கும் எலிக்கும் எரியும். ஆனா பறவைக்கு எரியாது, அதுங்க உடம்புல அந்த எரிச்சல உணர்ற அமைப்பு வேற மாதிரி, கிளி பச்சமிளகாயக் கொறிக்கிறது இதனாலதான். அதனால காரத்தண்ணி அடிச்சா அணில் ஒதுங்கும், கொண்டைக்குருவி ஜாலியா சாப்பிட்டுப் போகும். இன்னொன்னு, பனியிலயும் மழையிலயும் கழுவிப் போயிரும், பூவாளில தண்ணி ஊத்துனாலே பாதி போயிரும், மூணு நாளைக்கு ஒரு தடவை அடிச்சுட்டே இருக்கணும். அடிக்கிறப்ப கண்ணாடி போட்டுக்கோங்க, காத்தடிக்கிற நேரத்துல வேண்டவே வேண்டாம், சின்னப் பசங்க செடியத் தொட்டுட்டு கண்ணத் தேய்ப்பாங்க. நான் இப்ப விதை போட்ட தொட்டியில மண்ணு மேல மட்டும் தூவுறேன், பழத்துக்கு அடிக்கிறதில்ல.

அந்துருண்டை கட்டித் தொங்கவிடச் சொல்றவங்க நிறைய. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அது நாப்தலீன், கொழந்தைங்க மிட்டாய்னு வாயில போட்டா ரத்த அணுவையே ஒடைக்கும், சாப்பிடுற கீரைக்குப் பக்கத்துல அதுக்கு என்ன வேலை. அதே மாதிரி எலி ஒட்டுற பசை அட்டை, அத மாடியில வச்சா எலி மட்டுமா மாட்டும், அணில் குட்டி, ஓணான், பல்லி, தவிட்டுக்குருவி எது வேணா ஒட்டிக்கும், ஒட்டுனது உசுரோட தோல் பிய்ஞ்சு துடிக்கிறத பாத்தா மறுபடி வாங்க மனசு வராது. எலி பேஸ்ட்டும் வேண்டாம், மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள பேஸ்ட் மனுஷனுக்கு கல்லீரலயே காலி பண்ணிரும், நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல அது எத்தனை குடும்பத்த அழ வச்சிருக்குன்னு டாக்டருங்களக் கேட்டாத் தெரியும். எலிக்கு பழைய கம்பிக்கூண்டு பொறிதான், சுட்ட தேங்காச்சில்லு இல்லனா கருவாடு வச்சா போதும். ஒண்ணே ஒண்ணு, பொறிய இருட்டுனப்புறம்தான் தெறக்கணும், விடிஞ்ச உடனே மூடிறணும், இல்லனா பகல்ல தேங்காய்க்கு அணில் வந்து மாட்டிக்கும்.

இனி பலன் குடுத்தது எதுன்னு பாப்போம். கல்யாணத்துல தாம்பூலம் போட்டுக் குடுக்குற சுருக்குப் பை இருக்குல்ல, அந்த மெல்லிசான ஆர்கன்சா துணிப் பை, அது பழ ஈக்கும் பட்டாம்பூச்சிக்கும் அருமையான தடுப்பு, காத்து போகும், வெயில் போகும், ரெண்டு மூணு சீசன் தாராளமா வரும். ஆனா அணிலுக்கு அது போதாது, கொய்யா வாசனை வர ஆரம்பிச்சதும் பைய கடிச்சு ஓட்டை போட்டு தின்னுடும். அதனால ரெண்டடுக்கு, உள்ள துணிப்பை, மேல ஜன்னல்ல அடிக்கிற ஸ்டீல் கொசுவலைய சதுரமா வெட்டி உருட்டி ரெண்டு பக்கமும் கம்பியால முறுக்கி ஒரு கூடு. ஒரு கூட்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், வெட்டுன ஓரம் கையக் கிழிக்கும், உள்பக்கமா மடிச்சு விட்டுருங்க. நான் மொதல்ல பண்ணுன கூடுங்க இன்னும் துருப்பிடிக்காம ஓடிட்டு இருக்கு, இந்த மொத்தத் தோட்டத்துலயே நான் போட்ட காசுக்கு முழுசா பலன் குடுத்தது அதுதான். இரும்புல பச்சை பெயிண்ட் அடிச்ச மட்டமான வலை ரெண்டு மழைக்காலத்துல துருப்பிடிச்சு உதிர்ந்து போச்சு, கடையில ஸ்டீலான்னு கேட்டு வாங்குங்க.

எல்லாப் பழத்துக்கும் கூடு கட்டத் தேவையில்ல, இது தெரிஞ்சா வேல பாதியாயிரும். தக்காளி, சப்போட்டா, கொய்யா இதெல்லாம் பறிச்ச பிறகும் பழுக்கும். தக்காளி அடியில லேசா ஆரஞ்சு நிறம் தட்டுனதும் பறிச்சு வீட்டுக்குள்ள வச்சா ரெண்டு மூணு நாள்ல செவந்துரும், ருசியில பெரிய வித்தியாசம் இல்ல, அணிலுக்கு அது கண்ணுல படுறதுக்கு முன்னாடியே நம்ம கிச்சனுக்கு வந்துரும். மாதுளை அப்படி இல்ல, மரத்துல எவ்வளவு பழுத்துச்சோ அவ்வளவுதான், பறிச்ச பிறகு இனிப்பு ஏறாது, திராட்சையும் அதே கதைதான். இதுங்கள கடைசி வரைக்கும் செடியிலயே விடணும், அதனால கூடு கண்டிப்பா வேணும். மாதுளைக்கு காய் எலுமிச்சங்காய் சைஸ் வர்றதுக்கு முன்னாடியே துணிப்பை போட்டுறணும், ஏன்னா பட்டாம்பூச்சி பூவுலயும் பிஞ்சுலயும்தான் முட்டை வைக்கும், பெருசான பிறகு மூடுனா புழுவையும் சேத்து உள்ள வச்சு மூடுன கணக்கு.

கீரை, நாத்து, விதைத் தட்டுக்கெல்லாம் அரை இஞ்ச் கண்ணி உள்ள வெல்டட் மெஷ்ல (கம்பிய பத்தவச்சுப் பண்ணுன வலை) ஒரு பெட்டி மாதிரி பண்ணி கவுத்துட்டேன். ஒரு இஞ்ச் கோழிவலை வாங்காதீங்க, குட்டி அணில் உள்ள நுழைஞ்சு வெளிய வந்துட்டு இருக்கும். செலவே வேண்டாம்னா, ஓட்டை உள்ள பழைய பிளாஸ்டிக் காய்கறிக் கூடைய விதை போட்ட தொட்டி மேல கவுத்து மேல ஒரு செங்கல், முளைச்சு நாலு இலை விடுற வரைக்கும் இருந்தா போதும், கடலையும் சோளமும் அந்தப் பத்துப் பதினஞ்சு நாள்லதான் தோண்டப்படும்.

பறவைக்குன்னு விக்கிற மெல்லிசு நைலான் வலைய மட்டும் தொளதொளன்னு போடவே போடாதீங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுல அதுல சாரைப்பாம்பு சுத்திக்கிட்டு, கத்திரிக்கோல வச்சு ஒவ்வொரு கண்ணியா வெட்டி விடவேண்டியதாப் போச்சு, மைனாவும் அணிலும் மாட்டி நம்ம பாக்குறதுக்குள்ள வெயில்லயே செத்துரும். போட்டே ஆகணும்னா பைப் ஃபிரேம்ல இழுத்து விறைப்பா கட்டுங்க, தினம் ரெண்டு வேளை போய்ப் பாருங்க.

தென்னைக்கு பழைய வழியே போதும், தரையிலேர்ந்து ஆளு ஒசரத்துக்கு மேல தண்ட சுத்தி வழவழன்னு தகரம் அடிக்கிறது, எலியும் அணிலும் அதுல பிடிச்சு ஏற முடியாது. ஆனா மட்டை பக்கத்து மரத்தையோ மாடிச் சுவரையோ தொடக்கூடாது, தொட்டா அந்த வழியா வந்துரும், எங்க ரெண்டு தென்னையில தனியா நிக்கிறதுக்கு மட்டும்தான் இது உதவுச்சு.

சித்திரை வைகாசி வெயில்ல ஒரு விஷயம் கவனிச்சேன், தக்காளியையும் வெள்ளரியையும் அணில் கடிச்சு ஈரத்த மட்டும் உறிஞ்சிட்டு போட்டுட்டுப் போகுது, பசியில்ல, தாகம். மாடிக்கு அந்தப் பக்கம் நிழல்ல ஒரு மண்சட்டியில தண்ணி வச்சதுலேர்ந்து அந்தச் சேதம் எங்க வீட்டுல நல்லாவே குறைஞ்சுருக்கு. தண்ணிய தினம் கொட்டி மாத்துங்க, கொசு வந்துரும். சாப்பாடு மட்டும் வைக்காதீங்க, ராத்திரி அது எலிக்கு விருந்தாயிரும். அணில் மேல எனக்கு எந்தக் கோவமும் கிடையாது, அது பூச்சியும் திங்குது, நம்ம வீடு கட்டுறதுக்கு முன்னாடியே அந்த வேப்பமரத்துல இருந்த ஜீவன், அதுக்கும் இங்க எடம் வேணும்.

பூச்சிக்கு வர்றேன். பாகல், புடலை, சுரை இதுல பழ ஈக்கு கியூ லூர் பொறி, மா, கொய்யாவுக்கு மீதைல் யூஜினால் பொறி, ரெண்டுமே வாசனையால ஈய இழுக்குறதுதான், ஆனா வாசனை வேற வேற, கடையில மாத்திக் குடுத்தா ஒரு ஈ கூட விழாது. துளசியில அந்த யூஜினால் வகை இயற்கையாவே இருக்கு, அதனால துளசிய கசக்கி வச்சாலும் கொய்யா பக்கம் கொஞ்சம் ஈ வரும், ஆனா சீக்கிரம் காஞ்சுரும். பொறியில விழுறது ஆண் ஈ மட்டும்தான், அதனால பொறி மட்டும் வச்சா பத்தாது, பிஞ்சுலயே பை போடணும், உதிர்ந்த காய அன்னைக்கே பொறுக்கி பாலிதீன் கவர்ல இறுக்கிக் கட்டி வெயில்ல போடணும், விட்டா புழு மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை ரெடி.

மாவுப்பூச்சிக்கு எறும்பத்தான் மொதல்ல பாக்கணும். அதுங்கதான் இனிப்புத் திரவத்துக்காக மாவுப்பூச்சிய செடி விட்டு செடி தூக்கிட்டுப் போய் காவல் காக்குது, தொட்டி வச்சிருக்குற ஸ்டாண்டோட கால்ல கிரீஸ் தடவுனாலே பாதி குறையும். அப்புறம் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு, சாயங்காலம் மட்டும் அடிக்கணும், வேம்புல உள்ள சத்து வெயில் பட்டா சீக்கிரம் வீரியம் போயிரும். செம்பருத்தியில மாவுப்பூச்சிக்கு நடுவுல வெள்ளையா மெழுகு நூலு நூலா பெருசா ஓடுற புழு இருந்தா நசுக்காதீங்க, அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டோட குஞ்சு, மாவுப்பூச்சியத்தான் திங்கும், பாக்குறதுக்கு அதே மாதிரியே இருக்கும். நான் மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி இப்ப பூதக்கண்ணாடிய வச்சு ஒரு தடவை பாத்துர்றேன்.

2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாத்தையும் அழிச்சுச்சே, எவ்வளவு மருந்து அடிச்சும் அடங்கல. 2010ல புவேர்ட்டோ ரிக்கோலேர்ந்து அசிரோஃபேகஸ் பப்பாயேன்னு ஒரு குட்டிக் குளவிய வரவழைச்சு விட்டாங்க, அதுதான் அத அடக்குச்சு. கண்ணுக்கே சரியாத் தெரியாத அளவுதான் அந்தக் குளவி. வீரியமான ரசாயனத்த நம்ம மாடியில அடிச்சா மொதல்ல சாகுறது இந்த மாதிரி ஆளுங்கதான்.

இந்த வருஷம் புதுசா தொடங்குறவங்க மொதல்ல அரை இஞ்ச் மெஷ் கொஞ்சம், ஸ்டீல் கொசுவலை ரெண்டு மீட்டர், துணிப்பை ஒரு கட்டு, வேப்பெண்ணெய் ஒரு பாட்டில், கியூ லூர் பொறி ஒண்ணு வாங்குங்க, அல்ட்ராசானிக் கருவி ஒண்ணு ரெண்டு வாங்குற காசுக்குள்ளயே முடிஞ்சுரும். மாதுளை இப்ப பூத்துருந்தா பைய இந்த வாரமே வாங்கி வச்சுருங்க.