10 மீட்டர் ஏர் பிஸ்டல்: புதியது வாங்கத் தூண்டும் காரணங்கள், அவற்றில் தேறுபவை

புது மேட்ச் பிஸ்டலோடு, அதாவது போட்டிக்கான பிஸ்டலோடு, ஒரு சின்ன அட்டை வரும். தொழிற்சாலையில் துப்பாக்கியை அசையாமல் பூட்டி, 10 மீட்டரிலிருந்து ஐந்து பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுட்ட அட்டை அது. ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போயிருக்கும். அதைத்தான் எல்லோரும் படம் எடுத்து அனுப்பிக்கொள்கிறார்கள். அடுத்தவருக்கும் ஆசை வருகிறது. துப்பாக்கியைப் பற்றி அந்த அட்டை சொல்வது உண்மைதான். ஆனால் உங்கள் ஸ்கோருக்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

கணக்கைப் பாருங்கள். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் 4.5 மி.மீ. வளையத்தின் விளிம்பைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். அதாவது பத்துக்கு 16 மி.மீ. அகல இடம் இருக்கிறது. நல்ல மேட்ச் பிஸ்டல், அது பத்து வருடம் பழையதாக இருந்தாலும், பூட்டிச் சுட்டால் மையத்துக்கு மையம் 2.5 மி.மீ.க்குள் குரூப் (ஓட்டைகளின் கூட்டம்) போடும். கையில் பிடித்துச் சுடுபவரின் சிதறல் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நேராகக் கூடாது, வர்க்கத்தில் கூடும் (வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்): 30-உம் 2.5-உம் சேர்ந்தால் 30.1. துப்பாக்கி இரண்டு மடங்கு மோசமாகி 5 மி.மீ. சிதறினாலும் மொத்தம் 30.4 மி.மீ.தான். இதைக் குறைக்கவா புதுத் துப்பாக்கி?

ரைஃபிள்காரர்களுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. அங்கே பத்து என்பது அரை மி.மீ. புள்ளி, ஸ்கோர் தசமத்தில் வருகிறது, மையத்திலிருந்து கால் மி.மீ. விலகினாலே 0.1 போய்விடும். அவர்கள் குழலையும் பெல்லட் லாட்டையும் (ஒரே தயாரிப்புத் தொகுதி) மாற்றி மாற்றிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பிஸ்டல்காரர்கள் அதே பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்வதுதான் வீண்.

எனவே சந்தேகம் வந்தால் முதலில் துப்பாக்கியை விசாரியுங்கள். உடற்பகுதியை ரப்பர் வைத்த வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பூட்டுங்கள். குழலை மட்டும் பிடித்தால் அது வளைந்து பொய்க் கணக்கு காட்டும். ஐந்து ஐந்தாக ஐந்து குரூப் சுடுங்கள். ஓட்டையின் வெளி அகலத்தை அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். 2.5-க்குள் வந்தால் துப்பாக்கி மேல் பழி இல்லை. கூடுதலாக வந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். குழலில் ஈயம் படிந்திருக்கலாம், குழலைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், பெல்லட்டின் தலை அளவு குழலுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். மேட்ச் பெல்லட்டுகள் 4.48 முதல் 4.52 மி.மீ. வரை தலை அளவுகளில் கிடைக்கின்றன; 4.49-க்கும் 4.51-க்கும் ஒரே குழலில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வருவதுண்டு. ஒரு டப்பா பெல்லட்டில் தீர்கிற பிரச்சினைக்குத் துப்பாக்கி வாங்குபவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

இன்று போட்டிகளில் அதிகம் தென்படுபவை ஸ்டெயர் (எல்பி10, அதற்குப் பின் வந்த எவோ10), மோரினி 162 இஐ, பார்டினி கே12, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ், வால்டர் எல்பி500. துல்லியத்தில் இவற்றுக்குள் தரவரிசை போடுவது வேலையற்ற வேலை. பிரித்துப் பார்க்க வேண்டியவை உதைப்பு, டிரிகர், கைப்பிடி, காற்று.

உதைப்பை அடக்கும் 'அப்சார்பர்' விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படுகிறது. உள்ளே ஒரு சிறு எடை உதைப்புக்கு எதிராக நகர்ந்து அதிர்வை விழுங்கும். ஸ்டெயர், பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் துப்பாக்கிகளில் இருக்கிறது, மோரினியில் இல்லை. பெல்லட்டின் எடை அரை கிராம், துப்பாக்கி ஒரு கிலோ. 230 மி.மீ. நீளக் குழலை பெல்லட் கடந்து வெளியேறும் நேரத்துக்குள் துப்பாக்கி பின்னால் நகர்வது ஏறக்குறைய 0.1 மி.மீ. மட்டுமே. மீதித் துள்ளல் எல்லாம் பெல்லட் போன பிறகு நடப்பது. அப்சார்பரின் உண்மையான பயன் அதற்குப் பின்தான்: சுட்ட பிறகும் சைட் படம் (குறிபார்க்கும் முன்சைட்டும் பின்சைட்டும் கண்ணுக்குத் தெரியும் நிலை) கலையாமல் நிற்பதால், குண்டு எங்கே போயிருக்கும் என்று திரையைப் பார்க்காமலே சொல்ல முடிகிறது. பயிற்சிக்கு இது பெரிய உதவி. பத்துகளின் எண்ணிக்கை நேரடியாகக் கூடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மோரினியைக் கையில் எடுத்த உடனே 'துள்ளுகிறதே' என்று ஒதுக்குபவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

டிரிகர் விஷயம் வேறு. போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம் இழுவை. குழலை செங்குத்தாக நிறுத்தி, டிரிகரில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். சரியாக 500-இல் வைத்தால் பரிசோதனை மேசையில் பதற்றம். 510 முதல் 520 வரை வைப்பது நிம்மதி. முதல் கட்டத்துக்கு 350 முதல் 400 கிராம், மீதி இரண்டாம் கட்டத்துக்கு என்று பிரித்தால், இரண்டாம் கட்டம் தொடங்கும் 'சுவர்' விரலுக்குத் தெளிவாகத் தெரியும். மெக்கானிக்கல் டிரிகரில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, டிரிகர் இழுக்கும்வரை துப்பாக்கியைத் தடுத்து நிறுத்தும் கொக்கியான சீயரின் பிடிப்பை அளவுக்கு மீறிக் குறைப்பது: சுடத் தயாராக்கும் லீவரை மூடும்போதே வெடித்துவிடும் நிலை வரும், இது ஆபத்து. இன்னொன்று, இழுத்த பின் நிற்கும் இடத்துக்கான திருகை மிக நெருக்கமாக முடுக்குவது. அப்போது டிரிகர் முழுப் பயணம் போக முடியாமல் சில ஷாட் வெடிக்கும், சில வெடிக்காது. வெடிக்கும் இடத்துக்குப் பின் கால் சுற்று இடைவெளி விட்டால் போதும். 'டிரிகர் கெட்டுவிட்டது, புதிது வேண்டும்' என்று வருபவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு திருகுகளின் கதை.

மோரினி 162 இஐ-யில் டிரிகர் எலக்ட்ரானிக். மற்ற நிறுவனங்களும் அத்தகைய மாடல்கள் வைத்திருக்கின்றன. விரல் இழுப்பது சுவிட்சைத்தான் என்பதால் சீயர் தேய்ந்து உணர்வு மாறும் பேச்சே இல்லை. முதல் ஷாட்டும் அறுபதாவது ஷாட்டும் ஒரே மாதிரி. குறை என்று சொன்னால் பேட்டரிதான். எச்சரிக்கை விளக்கு வரும்வரை காத்திருக்காமல் முக்கியமான போட்டிக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மெக்கானிக்கலின் மெல்லிய 'கடிப்பை' விரல் தேடுகிறவர்களுக்கு எலக்ட்ரானிக் செத்த டிரிகர் போலத் தோன்றும். இதில் சரி, தவறு இல்லை. இரண்டையும் ஐம்பது ஷாட்டாவது சுட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது மட்டும் உறுதி.

புதிது வாங்க நல்ல காரணம் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், கைப்பிடி. அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவது போலத்தான் பொருந்தாத கைப்பிடியோடு சுடுவது. சோதனை எளிது. காலித் துப்பாக்கியைப் பிடியுங்கள், கண்ணை மூடி, கையை வழக்கமான உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள், கண்ணைத் திறங்கள். முன்சைட் பின்சைட்டின் வெட்டுக்குள் நடுவில், மேல்விளிம்பு சமமாக நிற்க வேண்டும். பத்து முறை செய்தாலும் முன்சைட் வலப்பக்கமே போய் ஒட்டிக்கொண்டால் கைப்பிடியை பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மேலே எழும்பியே நின்றால் சாய்வுக் கோணத்தை மாற்ற வேண்டும். இப்போதைய துப்பாக்கிகளில் இதற்கான திருகுகள் உண்டு. பழையவற்றில் இந்த வசதி இல்லாவிட்டால் மரத்தைச் சீவவோ புட்டி ஒட்டவோ வேண்டும். ஒட்டும்போது விதி நினைவிருக்கட்டும்: உள்ளங்கைத் தாங்கி கைப்பிடிக்கு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும், மேல்நோக்கி வளையக் கூடாது. எல்லாம் பூட்டிய பிறகு துப்பாக்கி 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், 1500 கிராமைத் தாண்டக் கூடாது.

கைப்பிடி அளவு தவறினால் அறிகுறி விரலில் தெரியும். பெரிய அளவு என்றால் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் டிரிகரை எட்டும், இழுப்பு ஒரு பக்கமாகப் போகும். சிறிய அளவு என்றால் விரலின் அடிப்பகுதி சட்டத்தில் உரசி, இழுக்கும்போதெல்லாம் துப்பாக்கியைத் தள்ளும். கை அளவு மாறியவர்களும், வளரும் வயதுப் பிள்ளைகளும் முதலில் கைப்பிடியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான மாடல்களுக்கு அது தனியாகவே கிடைக்கும். இடது கைக்காரருக்கு வலது கைத் துப்பாக்கியில் கைப்பிடியோடு முடிந்துவிடுகிறதா, லீவரும் தடுக்கிறதா என்பதைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது காற்று. இங்கே தேதி ஒரு கட்டாயக் காரணம். அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டுகள். தேதி கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் பொறுப்பு சுடுபவருடையது. அதற்காகத் துப்பாக்கியை மாற்ற வேண்டாம், சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். அந்த மாடலுக்குச் சிலிண்டர் வருவது நின்றுபோனால் மட்டுமே புதுத் துப்பாக்கிக்கு வேலை. புதிது வாங்கும்போதும் தேதியைப் பாருங்கள்: கிடங்கில் கிடந்த துப்பாக்கியோடு இரண்டு வருடம் பழைய சிலிண்டர் வந்தால் உங்களுக்கு மிஞ்சுவது எட்டுதான்.

இன்னும் கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல் வைத்திருப்பவர் மாற நினைப்பது முழுக்க நியாயம். 20 டிகிரியில் அந்த வாயுவின் அழுத்தம் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72. காலையில் சைட்டைச் சரிசெய்து வைத்தால் மதியம் குண்டு வேறு இடத்தில் விழும். அழுத்தக் காற்றில், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இதைப் பார்த்துக்கொள்கிறது. அந்த ரெகுலேட்டர் கசிய ஆரம்பித்தால் ஒரு தனி அடையாளம் உண்டு: துப்பாக்கி சில நிமிடம் சும்மா இருந்த பின் வரும் முதல் ஷாட் மட்டும் வேகமாகப் போகும், மற்றவை வழக்கம்போல் போகும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பத்து ஷாட் சுட்டால் தெரிந்துவிடும். வழக்கமான வேகம் நொடிக்கு 150 மீட்டர் அளவில். ஏற்ற இறக்கம் 3 மீட்டருக்குள் இருந்தால் நலம். மீறினால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றி சர்வீஸ் செய்தால் போதும்.

காற்று நிரப்பும்போது அவசரம் வேண்டாம். வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகி மானோமீட்டர் (அழுத்தமானி) 200 பார் காட்டும், ஆறியபின் இறங்கிவிடும். அதைக் கசிவு என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். உண்மையான கசிவா என்று அறிய, நிரப்பி ஆறியதும் அளவைக் குறித்துவைத்து, அதே வெப்பநிலையில் 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண எண்ணெய் அழுத்தக் காற்றில் தீப்பிடிக்கலாம். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது.

சாம்பியன் கையில் பார்த்ததால் வாங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் கைப்பிடி அவர் கைக்குச் செதுக்கியது. ஸ்கோர் சரிந்ததால் வாங்குவதுதான் சிக்கலானது, ஏனென்றால் முதல் சில வாரங்கள் அது வேலை செய்யும்: புதுப் பொருள் மீதான கவனத்தில் டிரிகரை ஒழுங்காக இழுப்பார்கள். பழகியதும் பழைய எண் திரும்பும். கடன் வாங்கிய துப்பாக்கியிலும் உங்களுடையதிலும், குறி நகரும் தடத்தைத் திரையில் வரையும் ஒளிக்கற்றைப் பயிற்சிக் கருவியைப் பொருத்தி, ஷாட்டுக்கு முந்தைய கடைசி 0.2 நொடியின் தடத்தை ஒப்பிடுங்கள். இரண்டிலும் தடம் ஒரே பக்கம் வெட்டி இழுத்தால் மாற வேண்டியது விரல்.

இரண்டாவது துப்பாக்கி வேண்டும் என்பதை மட்டும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. பல நிமிடங்கள் போயின. 575 எடுத்து 12ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைவு. 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் ஓடும் கடிகாரம் பழுதுக்காக நிற்பதில்லை. பெரிய போட்டிகளுக்குப் போகிறவர் அதே மாடலில், அதே அளவுக் கைப்பிடியோடு, சைட் வைத்துத் தயாராக ஒன்றை வைத்திருக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் இரண்டாம் சிலிண்டர், ஒரு செட் ஓ-ரிங், லீவரைப் பிடித்திருக்கும் ஊசியும் (pin) திருகுகளும், எலக்ட்ரானிக் என்றால் இரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பெல்லட்டில் போடலாம். ஒத்துவந்த லாட் எண்ணைக் குறித்துவைத்து அதிலேயே மொத்தமாக.