மூன்று கார்டும் ஒரு கறுப்பு மூடியும்

தேவகோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினார். அவர் மானிட்டரில் மேலிருந்து கீழ்வரை பச்சைக் கோடுகள். "அண்ணே, கிராபிக்ஸ் கார்டு போச்சுங்கிறாங்க. புதுசுக்கு ஏழாயிரம் கேக்குறாங்க. உங்க மெஷினுக்கும் இதே வயசுதானே, என்ன செய்யலாம்?" வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். அந்தக் கோடுகளோடு நான் பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

என்னுடையது 2014 கடைசியில் அசெம்பிள் செய்தது. நாலாம் தலைமுறை ஐ5 பிராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பு அறையை வாடகைக்கு எடுத்து அழைப்பிதழும் ஃப்ளெக்ஸும் டிசைன் செய்கிறேன். பிராசசரையும் போர்டையும் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். நடுவில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன், அவ்வளவுதான் செலவு. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுதான் என்னை ஆட்டி வைக்கிறது.

முதல் கார்டு சில வருஷம் ஓடியது. கழற்றிப் பார்த்தபோது ஃபேன் இறக்கைகளில் செம்மண் தூசி பூச்சு வேலை செய்ததுபோல் அப்பியிருந்தது. போதாததற்கு வீட்டுச் சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்புப் பொடி. ஃபேன் எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியாது. திரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டங்கள் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வழியாகப் போன வீட்டுக்கார ஆச்சி நின்று பார்த்துவிட்டு, "கண்டாங்கி மாதிரி நல்லா இருக்கே தம்பி, இதையே கல்யாணப் பத்திரிகை அட்டைக்குப் போட்டுடு" என்றார். வைகாசி முகூர்த்த வேலை எட்டு நிற்கிறது, அவருக்குக் கட்டம் பிடித்துப்போனது.

கடையில் ஹீட் கன் என்ற சூடான காற்று ஊதும் கருவியை வைத்துக் கார்டின் சிப்பைச் சூடாக்கி, 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். நாற்பது நாள் வந்தது. மறுபடி கட்டம். மறுபடி சூடு, இந்த முறை ஒன்பது நாள். சிப்புக்கு அடியில் குட்டிக் குட்டியாக சால்டர் உருண்டைகள் இருக்கும். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பழைய ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும். இப்போது வரும் ஈயமில்லாத ரகத்துக்கு 217 டிகிரி வரை போக வேண்டும். கடைக்காரர் கையால் காட்டும் சூட்டில் விட்டுப்போன இடம் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. இது ரிப்பேர் இல்லை, தவணை. தெரிந்தே இரண்டாவது தடவை போனேன் பாருங்கள், அதற்கு யாரையும் திட்ட முடியாது.

இரண்டாவது கார்டு 2021-ல் வாங்கியது. சிப் தட்டுப்பாடு, கிரிப்டோ மைனிங் என்று கார்டு விலை எகிறிக் கிடந்த நேரம். செகண்ட் ஹேண்டுக்கே முன்பு புதுக் கார்டு விற்ற விலையைக் கொடுத்தேன். பெரிய ஃபைலைத் திறந்தால் திரை கறுத்துவிடும். டிரைவர் என்றார் ஒருவர், விண்டோஸ் என்றார் இன்னொருவர், இருவருக்கும் காசு கொடுத்தேன். கடைசியில் நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் லைன், வேலை கூடும்போது 11.2-க்கு இறங்குகிறது. 11.4-க்குக் கீழே போகக் கூடாது. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் கெட்டுப்போய்த் தலை உப்பி நிற்கிறது. அதை மாற்றுவதற்குள் கார்டு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பிளக்கைப் பார்த்தார். எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. டெஸ்டரை கேபினெட்டில் வைத்தால் மினுக்கென்று எரிகிறது. இத்தனை வருஷமாகத் தொடும்போதெல்லாம் சுள்ளென்று இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆச்சியிடம் கேட்டு, பின்கட்டில் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கினோம். கார்டுகள் இதனால்தான் செத்தன என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சுள் நின்றது.

மூன்றாவது, ஃபேனே இல்லாத சின்னக் கார்டு. ஃபேன் இல்லையென்றால் ஃபேன் கெடாது என்ற என் மேதாவித்தனம். இது சாகவில்லை, வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு மயக்கம் போடும். பட்டனை அழுத்தினால் போர்டு ஒரு நீளம், இரண்டு குட்டை என்று பீப் அடிக்கும், திரை கறுப்பு. மருந்து ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கி, பட்டனை ஒரு தரம் அழுத்தி மிச்சக் கரண்டையும் போகவிட்டு, ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கைத் தள்ளிக் கார்டை உருவ வேண்டும். அடியில் இருக்கும் தங்கநிறப் பற்கள் மங்கிக் கிடக்கும். பையனின் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுச் சொருகினால் படம் வந்துவிடும். உலோக அரிமானத்தையும் ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில் உட்கார்ந்து நான் ரப்பர் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தேய்க்கத் தேய்க்கப் பூச்சும் தேயும் என்று தெரியும். முதல் வருஷம் ஒரு தடவை தேய்த்தது, போன மழைக்கு ஏழு தடவை.

அந்த ஏழாவது தடவைதான் விஷயம். வேலை பழக வரும் பெண் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். கேபினெட் பின்பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கறுப்பு மூடி எதுக்கு?" என்றாள். மானிட்டர் கேபிளைச் சொருக போர்டிலேயே இருக்கும் விஜிஏ வாயில் ரப்பர் மூடி. அசெம்பிள் செய்தவர் மாட்டி, "இதுல சொருகாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனது. கார்டு வேலை செய்யும்போது சொருகினால் படம் வராது என்பதைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த வாயே செத்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். கார்டை வெளியே வைத்துவிட்டு மூடியைப் பிடுங்கிக் கேபிளைச் சொருகினோம். படம் வந்தது. பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, முதல் நாளிலிருந்து இருக்கிறது. கோரல் டிராவில் அன்று மதியம் ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஒரு புதுமனை புகுவிழா, இரண்டையும் முடித்தேன். ஒரு தயக்கம் இல்லை.

மூன்று கார்டு, இரண்டு தடவை ஹீட் கன் வைத்தியம், டிரைவர் போட்டவர்கள் கூலி எல்லாம் சேர்த்தால் எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆகவே நண்பருக்கு: ஏழாயிரம் கொடுக்காதீர்கள். கார்டைக் கழற்றுங்கள், போர்டின் வாயில் கேபிளைச் சொருகுங்கள். உங்கள் பிராசசரில் கிராபிக்ஸ் இருக்கும் ரகமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் இருக்காது. கோடு போய்விட்டால் கார்டுதான் குற்றவாளி. போகவில்லையென்றால் மானிட்டரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

என் மெஷினில் இப்போது கார்டு இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இருபதடி ஃப்ளெக்ஸை போட்டோஷாப்பில் பெரிதாக்கி நகர்த்தினால் கார்டு இல்லாமல் கொஞ்சம் இழுக்கிறது என்று காரணம் சொல்லி மறுபடி சொருகிவிட்டேன். மாதத்துக்கு இரண்டு ஃப்ளெக்ஸ் வந்தால் அதிகம். கறுப்பு மூடியை மட்டும் திரும்ப மாட்டவில்லை, மேஜை டிராயரில் ரப்பருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.