பெர்கோலேட்டரா, துணிப்பையா, ஃபில்டரா? முதலில் தூளைக் காட்டுங்கள்

கோப்பி இறக்கும் பெர்கோலேட்டர் பாத்திரம் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வீட்டில் என்ன தூள் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது மளிகைக் கடையில் வாங்கிய கறுப்புக் கோப்பித்தூள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கோப்பிக் கொட்டையோடு சீனி, மாஜரின் என்று போட்டிருக்கும். சிலவற்றில் கோதுமை, சோளம்கூட உண்டு. கொட்டையை வறுக்கும்போதே சீனியைச் சேர்த்துக் கருகவிட்டு, நைசாக அரைத்த தூள் அது. கோப்பி வடிகட்டும் துணிப்பை அந்தத் தூளுக்கு ஏற்ற சாமான். பெர்கோலேட்டர் வேறு ஊரில், வேறு தூளுக்காக வந்தது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹான்சன் குட்ரிச் என்பவர் 1889-இல் அடுப்பில் வைக்கும் பெர்கோலேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று கடையில் கிடைப்பதும் ஏறக்குறைய அதே அமைப்புதான். கீழே தண்ணீர், நடுவில் ஒரு குழாய், குழாயின் தலைமாட்டில் துளை போட்ட கூடை, கூடைக்குள் தூள். அடியில் கொதிக்கும் தண்ணீரை நீராவிக் குமிழிகள் குழாய் வழியே மேலே தள்ளும். அது மூடியில் உள்ள கண்ணாடிக் குமிழில் 'ப்ளக்' என்று மோதி, தூளின் மேல் விழுந்து, வடிந்து, மறுபடியும் கீழே போகும். பிறகு அதே கோப்பி திரும்ப மேலே ஏறும். வடிந்த கோப்பியையே மீண்டும் மீண்டும் தூளில் ஊற்றுவதுதான் இதன் வேலை. நேரம் கூடினால் கசப்பும் கூடும்.

நம்மூர்த் தூளை இதில் போட்டால் என்ன ஆகும்? தெலுக் பாத்திக் கடற்கரையில் உறவுக்காரர்கள் கூடாரம் அடித்திருந்தபோது நேரில் பார்த்தேன். புதுப் பெர்கோலேட்டர், மளிகைக் கடைத் தூள், கேஸ் அடுப்பு முழுத் தீயில். முதல் 'ப்ளக்'கிலேயே கண்ணாடிக் குமிழ் கறுத்துவிட்டது. கருகிய சீனி தண்ணீர் பட்டதுமே நிறத்தை விட்டுவிடும். கோப்பி இறங்கிவிட்டதா என்று அந்த நிறத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நைசான தூள் கூடையின் துளை வழியே கீழே இறங்கி, அங்கேயும் வெந்தது. மிச்சமிருந்தது கூடையில் களியாக அப்பிக்கொண்டு, தண்ணீர் வடியாமல் விளிம்பு தாண்டி வழிந்தது. ஒரு வாய் குடித்த மாமா, "ஏன்டா மருமகனே, யாருக்குடா காய்ச்சல்? கஷாயம் வச்சிருக்கே!" என்றார். குறை பாத்திரத்திலும் இல்லை, தூளிலும் இல்லை. இரண்டுக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான்.

அதே தூளைத் துணிப்பையில் போடுங்கள். கொதிநீரை ஊற்றி மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, பையை அடுத்த குவளைக்கு மாற்றி, இறங்கிய கோப்பியை ஒரு தடவை திரும்ப ஊற்றினால் போதும். துணி நைசான தூளைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் சரசரவென்று இறங்கும். டின் பால் ஒரு கரண்டி. கோப்பிக் கடையில் குடிக்கும் அதே ருசி, சில வெள்ளி (ரிங்கிட்) செலவில். தொல்லை எல்லாம் பையைப் பராமரிப்பதில்தான். சவர்க்காரம் போட்டால் அடுத்த வேளைக் கோப்பியில் சவர்க்கார வாசம் வரும். வெறும் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். அடைமழைக் காலத்தில் பை காயாது. ஈரப்பை வாடை அடித்தால் தயவு பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். பழைய பையில்தான் மணம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தமிழ்க் கடைகளில் கிடைக்கும் இந்தியத் தூள், அதாவது சிக்கரி கலந்தது, உங்களுக்குப் பழக்கம் என்றால் கேள்வியே வேறு. அதற்கு இரண்டடுக்கு ஃபில்டரை மிஞ்ச ஒன்றுமில்லை. கொதிநீரை ஊற்றிவிட்டு, குளித்து, சாமி கும்பிட்டு வருவதற்குள் டிக்காஷன் கீழே இறங்கியிருக்கும். பால் நிறைய ஊற்றிக் குடிப்பவர்களுக்கு இந்தக் கெட்டி டிக்காஷன்தான் வேண்டும். பெர்கோலேட்டர் கோப்பி தண்ணியாக இருக்கும். பால் ஊற்றினால் ருசியைத் தேட வேண்டிவரும். ஆனால் ஃபில்டர் இரண்டு மூன்று பேருக்குத்தான் சரி. பத்து பேர் வந்து உட்கார்ந்தால் சமாளிக்க முடியாது.

மோக்கா பாத்திரத்தையும் பலர் பெர்கோலேட்டர் என்றே விற்கிறார்கள், கவனமாக இருங்கள். அது 1933-இல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டி கொண்டுவந்தது. அதில் தண்ணீர் நீராவி அழுத்தத்தில் தூளை ஒரே ஒரு தடவைதான் கடக்கும். கோப்பி கெட்டியாக, பாலுக்குத் தோதாக வரும். ஒருவர் இருவருக்கு நல்ல சாமான். நைசான தூளை அழுத்தி அடைத்தால் மட்டும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும், அதைச் செய்யாதீர்கள். கோப்பி, சீனி, க்ரீமர் மூன்றும் கலந்த த்ரீ-இன்-ஒன் பாக்கெட்டைப் பற்றி என்ன சொல்வது? கூடாரத்துக்குள் மழை ஒழுகும்போது அதுதான் ராஜா. மற்ற நேரத்தில் சீனித் தண்ணீர்.

ஆக, வீட்டுக்குப் பெர்கோலேட்டர் வேண்டாம் என்பதே என் கட்சி. ஒரு விதிவிலக்கு உண்டு. சீனி சேர்க்காமல் வறுத்த கொட்டையை வாங்கி நீங்களே கொரகொரப்பாக அரைப்பவர், பால் இல்லாத கோப்பியைப் பெரிய குவளையில் குடிப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். ஈப்போ பக்கத்தில்தான் இருக்கிறது, அப்படிப்பட்ட கொட்டை அங்கே கிடைக்கும். லைபீரிக்கா வகைக் கொட்டையை மட்டும் இதில் போட்டு வீணாக்காதீர்கள். பலாப்பழ வாசம் அடிக்கும் கொட்டை அது. பெர்கோலேட்டரின் கொதியில் அந்த வாசமெல்லாம் வீட்டுக்குள் பரவும், குவளையில் மிஞ்சாது. லைபீரிக்கா நமக்கு அந்நியமும் இல்லை. ரப்பர் பரவுவதற்கு முன் பேராக், சிலாங்கூர் தோட்டங்களில் துரைமார் நட்டது அந்தக் கோப்பியைத்தான். 1890களில் பிரேசில் கோப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்த பிறகுதான் ரப்பர் பக்கம் போனார்கள். இங்கு வந்த தமிழர்களில் ரப்பர்ப் பால்வாளி தூக்குவதற்கு முன்பே கோப்பிப்பழம் பறித்தவர்கள் உண்டு.

முகாமுக்கு வந்தால் என் கட்சி மாறிவிடும். பத்து பன்னிரண்டு பேர், ஒரே அடுப்பு, காற்று, மணல். துணிப்பைக்கு இரண்டு குவளையும், இருட்டில் கொதிநீரைச் சிந்தாமல் ஊற்றுகிற கையும் வேண்டும். பெர்கோலேட்டருக்கு ஒரே பாத்திரம்; மூடியைப் போட்டுவிட்டால் மணலும் பூச்சியும் உள்ளே போகாது. வைத்துவிட்டு ரொட்டி சுடப் போகலாம். குடித்து முடித்ததும் கூடையைத் தட்டிக் கவிழ்த்தால் வேலை தீர்ந்தது.

அதிலும் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் பெர்கோலேட்டர் தனி ருசி காட்டும். கோப்பி இறங்குவதற்கு ஏற்ற சூடு 90 முதல் 96 டிகிரி என்பது பொதுக் கணக்கு. தெலுக் பாத்திக்கில், கடல் மட்டத்தில், தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும்; பெர்கோலேட்டரோ கொதித்தால்தான் வேலையே செய்யும். அதனால் கடற்கரையில் கசப்புக்குப் பயந்துகொண்டே இருக்க வேண்டும். கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதே பாத்திரம், அதே தூள், கசப்பு மட்டும் குறையும். சிம்பாங் பூலாய் வழியாக மலை ஏறுகிறவர்கள் சோதித்துப் பார்க்கலாம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது தீயைத்தான். தூள் உப்புமா ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், லிட்டருக்கு 55 முதல் 60 கிராம் போதும். தண்ணீர் கூடையின் அடியைத் தொடக் கூடாது. முதல் 'ப்ளக்' கேட்கும்வரை தீ அதிகமாக இருக்கலாம். கேட்டதும் குறைத்துவிடுங்கள், இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு 'ப்ளக்' என்ற வேகத்தில் ஆறு ஏழு நிமிடம். விடாமல் குமுறினால் கசந்துவிடும். விறகு அடுப்பில் தீயைக் குறைக்கத் திருகு ஏது? பாத்திரத்தைத்தான் ஓரத்துத் தணலுக்கு நகர்த்த வேண்டும். இறக்கியதும் கூடையை வெளியே எடுத்துவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கசப்பு சொட்டிக்கொண்டே இருக்கும். விறகில் வைக்கும் முன் வெளிப்புறம் முழுக்கப் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவிவிட்டால், கரி பிறகு ஒரே தேய்ப்பில் போய்விடும்.

பால் கோப்பி இல்லாமல் முடியாது என்று அடம்பிடிப்பவர் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். அவருக்காக முந்தின நாள் இரவே வீட்டு ஃபில்டரில் டிக்காஷன் இறக்கி, பாட்டிலில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் டின் பாலும் சுடுதண்ணீரும் சேர்த்தால் போதும்.

கடையில் எடுக்கும்போது பெட்டியில் '12 கப்' என்று எழுதியிருப்பதை நம்பி 12 பேரைக் கணக்குப் போடாதீர்கள். அவர்கள் கப் பெரும்பாலும் 150 மில்லிதான். நாம் குடிக்கும் குவளைக்கு எட்டு ஒன்பது பேருக்கு வரும். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அலுமினியப் பாத்திரம் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வராகப் பாருங்கள். மூடிக் குமிழ் பிளாஸ்டிக்காக இருந்தால் விறகு அடுப்புக்கு ஆகாது, கண்ணாடிதான் வேண்டும். அதைத் தனியாகக் கழற்றி மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள். முதலில் உடைவது அதுதான்.