மனு தட்டச்சுக் கடை: கணக்கில் கெட்டி, ஒற்றில் கஞ்சம்

சேலம் கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே ஒரு சந்து. அங்கே ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், இரண்டு கணினி, கால் ஆடும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், கடை அவ்வளவுதான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் கடைக்காரரிடம் மாதிரி மனு தயாராக இருக்கிறது. எங்கள் மனுவுக்குத்தான் இல்லை.

நான் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர், அதாவது பணி நிரந்தரம் இல்லாத ஆசிரியர். மே மாதத்தில் ஒரு நாள், துறையில் நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதிய நான்கு பக்க ஊதிய உயர்வுக் கோரிக்கையோடு போனேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இவ்வளவையும் எந்த அதிகாரி படிப்பார் மேடம்? ஒரு கட்டம் போட்டுவிடலாம்” என்றார்.

போட்டார். இடப்பக்கம் நிரந்தர உதவிப் பேராசிரியர், வலப்பக்கம் நாங்கள். பாடவேளை இரண்டு பக்கமும் வாரத்துக்கு 16 மணி நேரம். தகுதியும் அதேதான்: நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது முனைவர் பட்டம். ஊதிய வரிசைக்கு வந்ததும் அவர் விரல் தயங்கியது. அங்கே தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய், ஆண்டுக்கு 12 மாதம். இங்கே படிகள் ஏதும் இல்லாத தொகுப்பூதியம் 25,000, அதுவும் 11 மாதம்தான். “அகவிலைப்படியையும் சேர்க்கட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன், இதைத் தாங்கினாலே போதும். கட்டத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரே வரி: கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் சொன்னது. நாங்கள் நான்கு பக்கம் புலம்பியது அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. ‘தொகுப்பூதியம்’ இரண்டு இடத்தில் ‘தொகுப்பு ஊதியம்’ ஆகியிருந்தது. ‘உயர்த்தி தருமாறு’ என்று அடித்திருந்ததை ‘உயர்த்தித் தருமாறு’ என்று திருத்தச் சொன்னேன். “ஒரு ‘த்’ போட்டால் சம்பளம் கூடுமா மேடம்?” என்றார். கூடாது, ஆனாலும் தமிழ்த் துறையிலிருந்து போகும் மனு. அதன்பின் அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கி அரை மணி நேரம் போயிற்று. வெளியே போய் ஒரு தட்டுவடை செட் தின்றுவிட்டு வந்தேன். (காரச் சட்னி பிரமாதம். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

தட்டச்சுக்கும் ஐந்து படிகளுக்கும் சேர்த்து 130 ரூபாய் ஆயிற்று. மே மாதம் எங்களுக்குச் சம்பளம் இல்லை என்பது கட்டத்திலேயே இருந்ததால் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. நூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அவசர வேலைக்குப் போகாதீர்கள். அச்செடுப்பதற்கு முன் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மற்றபடி ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கிளம்பும்போது கோப்பை ‘கௌரவம்’ என்ற பெயரில் சேமித்துக்கொண்டிருந்தார். “அழிக்கமாட்டேன் மேடம். அடுத்த வருடம் தேதியை மட்டும் மாற்றினால் போதும், பத்து ரூபாய்தான் ஆகும்.”