கட்டிலா, சாய்வு நாற்காலியா? எண்டோமெட்ரியோசிஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் வாரம்

எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மாத்திரை, தையல், விடுப்பு எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டிருந்தேன். இரவு எங்கே படுப்பது என்று மட்டும் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே அதுதான் பெரிய கேள்வியாகிவிட்டது. முதல் மூன்று இரவு கட்டிலில் படுத்தேன், அடுத்த ஏழு இரவு கால்பலகையோடு வரும் சாய்வு நாற்காலியில் (ரிக்ளைனர்). முதல் வாரத்துக்கு என் ஓட்டு நாற்காலிக்குத்தான்.

கட்டிலில் காலை நீட்டலாம், பழகிய இடம், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அதெல்லாம் தெரிந்ததுதான். வித்தியாசம் தெரிவது எழுந்திருக்கும்போது.

எனக்குச் செய்தது லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது. அதில் வெளியே தெரிவது தொப்புளிலும் அடிவயிற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று நான்கு வெட்டுகள்தான். உள்ளே திசுவை வெட்டியெடுத்த இடமெல்லாம் புண். மல்லாந்து படுத்தபடி தலையைத் தூக்கினாலே வயிற்றுத் தசை மொத்தமும் இறுகிவிடும். அதனால் கட்டிலிலிருந்து எழ ஒரு முறை சொல்லிக்கொடுப்பார்கள்: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பும்படி பக்கவாட்டில் உருண்டு, காலை வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுவது. பகலில் சரி. நடுராத்திரியில், மாத்திரை மயக்கத்தில், சிறுநீர் முட்டிக்கொண்டு வரும்போது இத்தனையும் நினைவில் நிற்காது. இரண்டாம் இரவு வழக்கம்போலச் சட்டென்று எழுந்துவிட்டேன். தொப்புளுக்குக் கீழே சுரீரென்று இழுத்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

நாற்காலியில் உடம்பு ஏற்கெனவே பாதி எழுந்த நிலையில்தான் இருக்கிறது. இரண்டு கைப்பிடியிலும் உள்ளங்கையை ஊன்றினால் கைகளே தூக்கிவிடும், வயிற்றுக்கு வேலை குறைவு. எழுவது சுலபமானதும் அடிக்கடி எழுந்து நடந்தேன். இந்த நாட்களில் அந்த நடை ரொம்ப முக்கியம். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும், வலி மாத்திரையால் மந்தமான குடலும் அசைய ஆரம்பிக்கும். இரவில் யாரையும் எழுப்பாமல் நானே குளியலறைக்குப் போய்வந்ததும் அப்போதிலிருந்துதான்.

நாற்காலியிலும் ஒரு சிக்கல் உண்டு. கால்பலகையைக் குதிகாலால் உள்ளே தள்ளி மூடும் வகை என்றால் அந்தத் தள்ளலுக்கும் வயிறு இறுகும். என்னுடையது அந்த வகைதான். கடைசியில் கால்பலகையைத் திறக்காமலே விட்டுவிட்டு, காலுக்கு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டேன். பொத்தானை அழுத்தினால் மடங்கும் மின்சார வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், ஒரேயடியாக அதிலேயே கிடக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ வந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கே போய்விட வேண்டும்.

கட்டில் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு, தோள்வலி. அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் மிச்சமிருந்து உதரவிதானத்தை உறுத்தும், வலி தோளில் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தால் எனக்கு அது கூடியது, மட்டமாகப் படுத்தால் குறைந்தது. அதற்காகவே பகலில் சிறிது நேரம் கட்டிலுக்குப் போவேன். மூன்று நாளில் அந்த வலி போய்விட்டது. பத்தாம் நாளுக்குமேல் வால் எலும்பு வலிக்க ஆரம்பித்ததும் இரவுக்கும் கட்டிலுக்கே திரும்பிவிட்டேன்.

எனக்குக் குடலிலோ சிறுநீர்ப்பையிலோ கை வைக்கவில்லை. அங்கெல்லாம் வெட்டியவர்களுக்கும் வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களுக்கும் என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வாரத்துக்காக நாற்காலி வாங்கவும் வேண்டாம். இரவல் கிடைக்காவிட்டால், கட்டிலில் முதுகுக்குத் தலையணைகளைச் சரிவாக அடுக்கி, முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்து, இறங்கும் ஓரமாகப் படுங்கள். உருண்டு எழும் அந்த முறையை மட்டும் அறுவை சிகிச்சைக்கு முன்பே, வயிறு இடம் கொடுக்கும் ஒரு நாளில், நான்கைந்து தடவை செய்து பழகிவிடுங்கள்.